ஜேம்ஸ் ஃபோர்ட்டன்

ஜேம்ஸ் ஃபோர்ட்டன் (செப்டம்பர் 2, 1766 – மார்ச் 4, 1842) ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த கறுப்பினத் தொழிலதிபரும் அடிமை முறை ஒழிப்பாளரும் ஆவார். அமெரிக்க விடுதலைப் போரின்போது (1775–1783) தம் 14 ஆம் வயதில் போர்க்கப்பலில் சேர்ந்து, பிரித்தானியரிடம் பிடிபட்டு, சிறைக்கப்பலில் ஏழு மாதங்கள் இருந்தார். போருக்குப் பின் கப்பற்பாய் தைக்கும் தொழிற்கூடம் ஒன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பின்னர் அக்கூடத்தின் உரிமையாளரானார். அக்காலப் பிலடெல்பியாவின் செல்வந்தர்களுள் ஒருவராக விளங்கிய இவர், தம் செல்வத்தில் பெரும்பகுதியை அடிமை முறை ஒழிப்பு இயக்கத்திற்குச் செலவிட்டார்.

தொழில் பழகுநராக வாழ்வைத் தொடங்கிப் பிலடெல்பியாவில் உயர்ந்தவர் என்றால் பலருக்கும் பெஞ்சமின் பிராங்கிளினே நினைவுக்கு வருவார். அதே நகரில், அடுத்த இரு தலைமுறைகளில் வளர்ந்த ஃபோர்ட்டனின் வாழ்வும் அதற்குக் குறையாத சுவையுடையது. தாம் எந்த நாட்டின் விடுதலைக்காகப் போரிட்டாரோ அந்த நாடு தம்மைக் குடிமகனாக ஏற்குமா என்னும் கேள்வி அவரை இறுதிவரை விடவில்லை.

பிறப்பும் இளமையும்

ஃபோர்ட்டன் பிலடெல்பியாவில் தாமஸ், மார்கரெட் இணையருக்குப் பிறந்தார். இவருக்கு அபிகெயில் என்னும் மூத்த சகோதரி இருந்தார். இவருடைய பாட்டனாரின் தந்தை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். பாட்டனார் விடுதலை பெற்றார். எனவே ஃபோர்ட்டனின் தந்தையும், ஃபோர்ட்டனும் பிறப்பிலேயே அடிமையல்லாதவர்கள். அன்றைய பிலடெல்பியாவில் அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் ஒரே தெருக்களில் வாழ்ந்தனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பென்சில்வேனியாவில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் 1780 ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது.

தந்தை தாமஸ், ராபர்ட் பிரிட்ஜஸ் என்னும் வெள்ளையரின் பாய் தைக்கும் கூடத்தில் வேலை செய்தார். சிறுவன் ஜேம்ஸ் தந்தையுடன் அங்கே சென்று சிறு வேலைகளைப் பழகினான். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த அந்தோனி பெனசெட் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நிறுவிய இலவசப் பள்ளியில் சிறிது காலம் படித்தான். ஜேம்சுக்கு ஏழு வயதானபோது தந்தை இறந்தார். ஒன்பது வயதிற்குள் பள்ளிப்படிப்பு நின்றுபோய், புகைபோக்கிகளைத் துப்புரவு செய்தும், மளிகைக் கடையில் எடுபிடி வேலை செய்தும் தாய்க்கு உதவ வேண்டியதாயிற்று. பெனசெட் பள்ளியில் கிடைத்த அந்தச் சிறிதளவு எழுத்தறிவே பிற்காலத்தில் சட்டமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் எதிர்த்து எழுத இவருக்குக் கருவியாயிற்று.

1776 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள், பிலடெல்பியா அரசு மாளிகையின் முற்றத்தில் விடுதலைப் பிரகடனம் முதன்முறையாக மக்கள் முன் வாசிக்கப்பட்டது. அதைக் கேட்ட கூட்டத்தில் ஒன்பது வயது ஃபோர்ட்டனும் இருந்தான். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்னும் அதன் கருத்தை அவன் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டான். அதை எழுதியவர்களுள்ளும் கையொப்பமிட்டவர்களுள்ளும் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் நகரம் பிரித்தானியப் படையின் வசமாகி, 1778 ஜூன் வரை அவர்கள் பிடியிலேயே இருந்தது.

கடற்போரில்

1781 ஆம் ஆண்டு கோடையில், 14 வயது ஃபோர்ட்டன் தாயிடம் வற்புறுத்தி அனுமதி பெற்று, ராயல் லூயிஸ் என்னும் கப்பலில் சேர்ந்தான். இக்கப்பலின் தலைவர் மூத்த ஸ்டீபன் டெக்காட்டர். (அதே பெயருடைய அவர் மகன் பின்னாளில் அமெரிக்கக் கடற்படையின் புகழ்பெற்ற வீரரானார். இருவரையும் குழப்பிக்கொள்ளலாகாது.) ராயல் லூயிஸ் அரசுக் கடற்படைக் கப்பல் அன்று. எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடிக்க அரசிடம் உரிமப் பத்திரம் பெற்ற தனியார் போர்க்கப்பல். பிடிபடும் கப்பலையும் சரக்கையும் விற்று வரும் பணத்தில் மாலுமிகள் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. தந்தையற்ற ஏழைச் சிறுவனை அங்கே ஈர்த்ததில் நாட்டுப்பற்றுடன் இந்தப் பங்கும் சேர்ந்தே இருந்திருக்கும் என்று கொள்வது தவறாகாது.

அவனுக்குக் கிடைத்தது வெடிமருந்துச் சிறுவன் வேலை. கப்பலின் அடித்தளத்தில் உள்ள மருந்து அறையிலிருந்து வெடிமருந்துப் பொதிகளை எடுத்துக்கொண்டு, மேலே பீரங்கிகள் இருக்கும் தளத்திற்கு ஓடிச் சேர்ப்பதே இவ்வேலை. சண்டை முடியும் வரை ஓட்டம் நிற்காது. ஒரு தீப்பொறி பட்டாலும் சுமப்பவன் கதி முடிந்தது. சிறிய உடலும் விரைவான காலும் உடையவர்களே இதற்கு ஏற்றவர்கள் என்பதால் சிறுவர்களைச் சேர்த்தனர். முதற்பயணத்தில் ஆக்டிவ் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலை ராயல் லூயிஸ் கடும் சண்டைக்குப் பின் கைப்பற்றியது. வெற்றியுடன் திரும்பியபோது பிலடெல்பியாக் கரையில் கூட்டம் ஆர்ப்பரித்தது.

இரு பயணங்களுக்கும் இடையே, 1781 செப்டம்பர் தொடக்கத்தில், யார்க்டவுன் நோக்கிச் சென்ற அமெரிக்கப் படை பிலடெல்பியா வழியாக அணிவகுத்துச் சென்றது. அதில் ரோட் ஐலண்டைச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர்களும் இருந்தனர். அக்காட்சியை ஃபோர்ட்டன் மறக்கவேயில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதத்திலும் அதை நினைவுகூர்ந்தார்.

பிடிபடுதலும் கோலி விளையாட்டும்

இரண்டாம் பயணம் நீடிக்கவில்லை. 1781 அக்டோபரில் ஆம்பியன் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் ராயல் லூயிசைத் துரத்திப் பிடித்தது. கைதான வெள்ளை மாலுமிகளுக்குச் சிறை; கறுப்பின மாலுமிகளுக்கோ அதனினும் கொடிய முடிவு காத்திருந்தது. அவர்களை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாக விற்றுவிடுவது அன்று வழக்கம். பிறப்பிலேயே விடுதலை பெற்றிருந்த ஃபோர்ட்டன் அடிமைச் சந்தையில் நிற்கும் நிலைக்கு மிக அருகில் வந்தது அப்போதுதான்.

அவனைக் காத்தது கோலிக்குண்டு. ஆம்பியனின் தலைவர் ஜான் பேஸ்லியின் மகன் ஹென்றி அக்கப்பலிலேயே இருந்தான். ஏறத்தாழ ஒத்த வயதினனான ஃபோர்ட்டனை அவனுக்குத் துணையாக இருக்கச் செய்தனர். கோலி ஆட்டத்தில் ஃபோர்ட்டன் காட்டிய திறமையால் இருவரும் நண்பர்களாயினர். இந்த நட்பைக் கண்ட பேஸ்லி, ஃபோர்ட்டனை இங்கிலாந்துக்கு அனுப்பித் தம் மகனுடன் கல்வி கற்கச் செய்ய முன்வந்தார். ஃபோர்ட்டன் மறுத்தான். தன் நாட்டின் விடுதலைக்காகப் பிடிபட்டவன் தான் என்றும், அந்நாட்டிற்குத் துரோகம் செய்ய இயலாது என்றும் கூறிவிட்டான்.

பதினைந்து வயதுச் சிறுவனின் இம்மறுப்பைக் கேட்க எளிதாகத் தோன்றலாம். ஆனால் அவன் மறுத்தது உணவும் கல்வியும் பாதுகாப்பும், ஏற்றது சிறைக்கப்பல். பேஸ்லி அவனை வற்புறுத்தவில்லை, விற்கவும் இல்லை. ஏனைய போர்க்கைதிகளைப் போலவே அவனை நடத்தி, கைதிகள் பரிமாற்றத்தில் மறந்துவிடாதிருக்குமாறு பரிந்துரைக் கடிதம் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

ஜெர்சி சிறைக்கப்பல்

நியூயார்க்கை அடுத்த புரூக்ளினின் வாலபவுட் குடாவில், பீரங்கிகளும் பாய்மரங்களும் நீக்கப்பட்ட ஜெர்சி என்னும் பழைய போர்க்கப்பல் சிறையாகப் பயன்பட்டது. ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன் தளங்களில் அடைக்கப்பட்டிருந்தனர். இரவில் கதவுகள் மூடப்பட்டால் காற்றில்லை. கெட்டுப்போன உணவும், பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கும் நாள்தோறும் உயிர்களைக் கொண்டுபோயின. காலையில் இறந்தவர்களை மேலே கொண்டுவந்து, குடாவின் மணற்கரையில் புதைப்பது அன்றாட வேலை. நியூயார்க்கில் நின்ற இத்தகைய சிறைக்கப்பல்களில் இறந்தோர் தொகை 11,000க்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. போர்க்களங்களில் நேரடியாக இறந்த அமெரிக்கரைவிட இது அதிகம். பிரித்தானியக் கடற்படையில் சேர ஒப்புக்கொள்ளும் கைதிக்கு விடுதலை உண்டு. பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையாகவிருந்த அமெரிக்க அதிகாரி ஒருவரின் துணிப்பெட்டிக்குள் ஒளிந்து தப்பிக்க ஃபோர்ட்டனுக்கு வாய்ப்பு வந்தது. பெட்டியில் ஒருவருக்குத்தான் இடம். ராயல் லூயிசில் உடன் வந்த டேனியல் புரூட்டன் என்னும் வெள்ளைச் சிறுவன் தன்னைவிட இளையவன் என்பதால், அவ்விடத்தை ஃபோர்ட்டன் அவனுக்கு விட்டுக்கொடுத்தான். அந்தப் பெட்டியைத் தூக்கிக் கப்பலின் பக்கவாட்டில் இறக்கவும் அவனே கை கொடுத்தான். புரூட்டன் உயிர் பிழைத்தார். இருவரும் வாழ்நாள் முழுதும் நண்பர்களாக இருந்தனர்.

ஏழு மாதங்களுக்குப் பின், 1782 ஆம் ஆண்டு, ஃபோர்ட்டன் பரிமாற்றத்தில் விடுதலையானான். நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவை நோக்கி வெறுங்காலுடன் நடந்தான். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவு. டிரென்டன் நகரில் யாரோ இரங்கி உதவியதாகக் கூறுவர். தலைமுடி பெரும்பாலும் உதிர்ந்து, எலும்பும் தோலுமாக வந்து நின்ற மகனை, இறந்திருப்பான் என்று எண்ணியிருந்த தாய் வரவேற்றார்.

தொழில் பழகுநர்

1784 இல், அக்காள் கணவரான வில்லியம் டன்பாருடன் வணிகக் கப்பலொன்றில் இலண்டனுக்குச் சென்று, ஓராண்டிற்கு மேல் அந்நகரின் கப்பல் துறைகளில் வேலை செய்தார். அங்கே அடிமை முறைக்கு எதிரான வாதங்கள் வலுத்துவந்த காலம் அது. விரும்பியிருந்தால் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆயினும் 1785 இல் பிலடெல்பியா திரும்பினார்.

திரும்பியவர் சேர்ந்தது, தந்தை வேலை செய்த அதே ராபர்ட் பிரிட்ஜஸின் கூடத்தில். அக்காலத்தில் தொழில் பழகுநர் என்பவர் ஒப்பந்தத்தின்படி, குறிப்பிட்ட ஆண்டுகள் ஒரு தொழில் முதல்வரிடம் இருந்து வேலை செய்து தொழிலைக் கற்பவர். வழக்கமாக 21 வயது வரை இது நீடிக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தொடங்க வேண்டியதைப் போர் தள்ளிப்போட்டதால் ஃபோர்ட்டன் தம் 19 ஆம் வயதில் தொடங்கினார்.

கப்பற்பாய் தைப்பது தையற்காரர் வேலையைவிடப் பொறியாளர் வேலைக்கு நெருக்கமானது எனலாம். துறைமுகத்தை ஒட்டிய கட்டடத்தின் மேல்மாடியில், தூண்களால் தடைபடாத அகன்ற தரையில் பாயின் வடிவத்தை முழு அளவில் வரைந்துகொள்வர். குறுகிய அகலமுள்ள கித்தான் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று விளிம்பு ஏறுமாறு வைத்து, தேன்மெழுகு தடவிய நூலால் கையாலேயே தைப்பர். ஊசியைத் தள்ள, உலோகத் தகடு பதித்த தோற்பட்டையை உள்ளங்கையில் அணிவர். பாயின் ஓரம் முழுவதும் தடித்த கயிறு சேர்த்துத் தைக்கப்படும். புயலில் பாய் கிழியாமல் தாங்குவது இக்கயிறே. பாய் தட்டையாக இருந்தால் போதாது. காற்றை வாங்க அதற்கு அளவான உப்பல் வேண்டும். அந்த உப்பலைத் துண்டுகளை வெட்டும்போதே கணக்கிட வேண்டும். கணக்குத் தவறினால் கப்பலின் வேகம் குறையும். கப்பலில் ஏறிப் போரிட்டு, பாய்கள் காற்றில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை நேரில் கண்டவர் என்பதால் ஃபோர்ட்டனுக்கு இதில் இயல்பான அனுகூலம் இருந்தது.

ஓராண்டிற்குள், 1786 இல், பிரிட்ஜஸ் அவரைக் கூடத்தின் மேற்பார்வையாளராக்கினார். வெள்ளைத் தொழிலாளர்களுக்குக் கறுப்பர் ஒருவர் மேலாளர். அன்றைய அமெரிக்காவில் இது மிக அரிது. 1798 இல் பிரிட்ஜஸ் ஓய்வு பெற்றபோது தொழில் ஃபோர்ட்டனுக்குக் கைமாறியது. பிலடெல்பியாவின் பெரும் வணிகர்கள் தங்கள் கப்பல்களுக்கு அவரிடமே பாய் வாங்கினர். கறுப்பரும் வெள்ளையருமாக ஏறத்தாழ 40 பேர் அவரிடம் வேலை செய்தனர். அவர்களுள் தொழில் பழகுநர்களும் இருந்தனர். அடிமை வணிகத்தில் ஈடுபடும் கப்பல்களுக்குப் பாய் தைக்க மறுத்தார் என்றும் சொல்வர். அவருடைய சொத்து மதிப்பு ஒரு இலட்சம் டாலரை எட்டியது. தம் முதலாளியின் நினைவாக மகன் ஒருவனுக்கு ராபர்ட் பிரிட்ஜஸ் ஃபோர்ட்டன் என்று பெயரிட்டார்.

பாய்களை எளிதாகக் கையாளும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் காப்புரிமையால் ஃபோர்ட்டன் செல்வந்தரானார் என்னும் செய்தி பல நூல்களிலும் இணையதளங்களிலும் காணப்படுகிறது. ஆனால் அவர் பெயரில் அத்தகைய காப்புரிமை பதிவாகவில்லை. அவர் செல்வம் தரமான வேலையினாலும், நிலங்களிலும் கடன் பத்திரங்களிலும் செய்த முதலீட்டினாலும் வந்தது.

பொதுவாழ்வு

1799 இன் இறுதியில் அப்சலோம் ஜோன்ஸ் முதலிய பிலடெல்பியக் கறுப்பினத்தவர் எழுபதுக்கும் மேற்பட்டோர் நாடாளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். அடிமை வணிகத்தை ஒழிக்கவும், தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் 1793 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தவும் அது கோரியது. ஃபோர்ட்டனும் அதில் கையொப்பமிட்டார். 1800 ஜனவரியில் மக்களவை அதை 85க்கு 1 என்ற வாக்கில் புறந்தள்ளியது. அந்த ஒற்றை வாக்கை அளித்த ஜார்ஜ் தாட்சருக்கு ஃபோர்ட்டன் நன்றிக் கடிதம் எழுதினார்.

1813 இல், பென்சில்வேனியாவுக்கு வரும் கறுப்பினத்தவர் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், தவறினால் சிறை என்னும் சட்ட முன்வரைவு வந்தது. அதை எதிர்த்து ஐந்து கடிதங்கள் கொண்ட சிறுநூலை ஃபோர்ட்டன் பெயரிடாமல் வெளியிட்டார். விடுதலை நாளான ஜூலை 4 அன்று நண்பகலுக்குப் பின் கறுப்பினத்தவர் தெருவில் தலைகாட்டினால் தாக்கப்படும் நிலையை அதில் விவரித்தார். பிரகடனம் வாசிக்கப்பட்ட முற்றத்தில் சிறுவனாக நின்றவர் இதை எழுத நேர்ந்தது. முன்வரைவு சட்டமாகவில்லை. அடுத்த ஆண்டே, பிரித்தானியருடனான 1812 ஆம் ஆண்டுப் போரில் நகருக்கு ஆபத்து வந்தபோது, ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 2,500 கறுப்பினத்தவரைத் திரட்டி அரண் கட்டும் பணியில் ஈடுபடுத்தினார். அப்போது அவருக்கு வயது 48.

ஆப்பிரிக்காவா, அமெரிக்காவா?

1816 இன் இறுதியில் அமெரிக்கக் குடியேற்றக் கழகம் தோன்றியது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவில் குடியேற்றுவது இதன் நோக்கம். ஃபோர்ட்டனின் நிலை தொடக்கத்தில் தெளிவாக இருக்கவில்லை. அவருடைய நண்பரும் கறுப்பினக் கப்பல் உரிமையாளருமான பால் கஃபே, விரும்பிச் சென்றவர்களைச் சியரா லியோனுக்கு அழைத்துச் சென்றிருந்தார். ஃபோர்ட்டன் அதை ஆதரித்தவர். வெள்ளையரிடமிருந்து விலகிச் சென்றாலன்றித் தம் மக்கள் முன்னேற இயலாது என்றே தனிப்பட்ட முறையில் அவர் கருதினார்.

1817 ஜனவரியில் பெத்தேல் தேவாலயத்தில் ஏறத்தாழ 3,000 பேர் கூடிய கூட்டத்திற்கு அவர் தலைமை தாங்கினார். குடியேற்றத்தை ஆதரிப்போர் குரல் கொடுக்குமாறு கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிர்ப்போரைக் கேட்டதும் பெரும் முழக்கம் எழுந்தது. மக்களின் முடிவுக்கு மாறாகத் தாம் பேசப்போவதில்லை என்று கஃபேக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டார். செல்வமும் செல்வாக்கும் உடைய ஒரு தலைவர், வேலைக்காரரும் கைவினைஞருமான எளிய மக்களிடம் தம் கருத்தை விட்டுக்கொடுத்தது குறிப்பிடத்தக்கது. அதன்பின் எஞ்சிய 25 ஆண்டுகளும் அவர் குடியேற்றத் திட்டத்தின் உறுதியான எதிரியாக இருந்தார்.

1831 இல் வில்லியம் லாயிட் கேரிசன் லிபரேட்டர் இதழைத் தொடங்கியபோது, 27 சந்தாக்களுக்கான பணத்தை முன்கூட்டியே அனுப்பி உதவினார். பிறகும் பலமுறை அவ்விதழைத் தாங்கிப் பிடித்தார். குடியேற்றத் திட்டம் தவறு என்பதைக் கேரிசனுக்கு உணர்த்தியவர்களுள் இவர் முக்கியமானவர். இவருடைய மனைவி சார்லட்டும் மகள்கள் மார்கரெட்டா, ஹேரியட், சாரா ஆகியோரும் 1833 இல் பிலடெல்பியாப் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தை நிறுவியவர்களுள் அடங்குவர்.

வாக்குரிமை இழப்பு

பென்சில்வேனியாவின் 1790 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வரி செலுத்தும் சுதந்திர மனிதருக்கு வாக்குரிமை அளித்தது. நிறம் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆயினும் பிலடெல்பியாவில் கறுப்பினத்தவர் வாக்குச்சாவடியை அணுக முடியாதவாறு தடுக்கப்பட்டனர். 1822 இல் நாடாளுமன்றத் தேர்தலில் வென்ற சாமுவேல் பிரெக் என்பவரிடம், தம் கூடத்தின் வெள்ளைத் தொழிலாளர் 15 பேரை அவருக்கு வாக்களிக்கச் செய்ததாக ஃபோர்ட்டன் கூறினார். தொழிலாளர் வாக்களித்தனர், முதலாளி வாக்களிக்க இயலவில்லை!

1834 இல் நகரில் கறுப்பினத்தவருக்கு எதிரான கலவரம் மூண்டபோது ஃபோர்ட்டனின் மகன் தாக்கப்பட்டான். 1838 மே மாதம், அடிமை ஒழிப்பாளர் கட்டிய பென்சில்வேனியா மண்டபத்தை, திறந்து சில நாட்களிலேயே ஒரு கும்பல் எரித்தது. அதே ஆண்டு நிறைவேறிய புதிய அரசியலமைப்பு, வாக்காளரைக் குறிக்கும் தொடரில் வெள்ளையர் என்னும் சொல்லைச் சேர்த்தது. ஜெர்சி கப்பலில் உயிரைப் பணயம் வைத்தவர், தம் 72 ஆம் வயதில் சட்டப்படியே வாக்குரிமை இழந்தார். இதை எதிர்த்துப் புகழ்பெற்ற முறையீட்டை எழுதியவர் ஹேரியட்டின் கணவர் ராபர்ட் பர்விஸ். அந்த உரிமை 1870 இல் அரசியலமைப்பின் பதினைந்தாம் திருத்தத்தால்தான் மீண்டது.

மறைவும் குடும்பமும்

முதுமையிலும் கூடத்திற்குச் சென்று வேலையைக் கவனித்துவந்த ஃபோர்ட்டன், 1842 மார்ச் 4 அன்று காலமானார். இறுதி ஊர்வலத்தில் கறுப்பரும், கப்பல் தலைவர்கள், வணிகர்கள் உள்ளிட்ட வெள்ளையருமாக ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். அப்போது அமெரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்து நிலவியலாளர் சார்லஸ் லயல் இவ்வூர்வலத்தைத் தம் பயண நூலில் குறித்துள்ளார்.

மகன்கள் நடத்திய தொழில் சில ஆண்டுகளில் நொடித்தது. பேத்தி சார்லட் ஃபோர்ட்டன், உள்நாட்டுப் போரின்போது 1862 இல் தென் கரோலினாவின் கடற்தீவுகளுக்குச் சென்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் கல்வி கற்பித்தார். அவருடைய நாட்குறிப்பு அக்காலத்திற்கு முக்கியமான வரலாற்று ஆவணம். சார்லட்டின் தந்தையான ராபர்ட் பிரிட்ஜஸ் ஃபோர்ட்டன் அமெரிக்கச் சூழலில் மனம் கசந்து இங்கிலாந்தில் குடியேறியிருந்தார். கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கின்றனர் என்று அறிந்து நாடு திரும்பிய அவர், ஐம்பது வயதைக் கடந்த நிலையில் 1864 இல் வடபகுதிப் படையில் சேர்ந்து, சில வாரங்களில் நோயுற்று இறந்தார்.